இருப்பும் பகிர்வும்

சங்கக் கிடங்கைச் சோதிக்கச் செல்லுங்கால், பதிவேட்டில் கண்ட மூட்டைகள் உள்ளனவா என்று எண்ணுவதோடு நாம் நிற்பதில்லை. அவை அங்கத்தினர் கைக்குச் சேர்ந்தனவா என்றும் பார்க்கின்றோம். கிடங்கு நிறைந்திருந்தும் வயல் வாடுமானால் அவ்விருப்பால் யாது பயன்?

பயிரின் வேருக்கும் இக்கணக்குப் பொருந்தும். வேரை உலர்த்திச் சாம்பலாக்கி அளந்தால் அதிலுள்ள இரும்பின் மொத்த அளவு தெரியும். எவ்விடத்தில் உள்ளது என்பது தெரியாது. நூலின் மேலே மட்டும் படிந்த சாயம் சலவையில் போய்விடுவதை நெசவாளர் அறிவர். அவ்வாறே இரும்பும் வேர் உயிரணுவின் சுவரில் ஒட்டிநின்று, உள்ளே புகாதிருத்தல் கூடும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில், வேரில் இரும்பிருந்தும் இலை வெளிறுவதுண்டு. இன்று வேரை மெல்லிய சீவல்களாக அரிந்து நுண்ணிய எக்ஸ் கதிரைப் பாய்ச்சுகின்றனர். ஒவ்வொரு தனிமமும் தனக்கேயுரிய கதிரை வெளியிடும். அதைக் கொண்டு அது தங்கிய இடத்தைப் படமாக்குகின்றனர். இந்தூரிலுள்ள 'இண்டஸ்-2' நிலையத்தில் இத்தகைய வசதி உண்டு.

நம் விருத்தாசலம் பீங்கானுக்குப் போலவே மணிலாவுக்கும் பெயர்பெற்றது. இங்குள்ள மண்டல ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. ரகங்களைத் தந்துள்ளது. மணிலாவின் வேர் உறிஞ்சும் கால்சியம் நீரோடு இலைக்கு ஏறிவிடும். மண்ணுக்குள் வளரும் காய்க்கு அது போதிய அளவு இறங்கி வருவதில்லை. காய் தன்னைச் சூழ்ந்த மண்ணிலிருந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டும். 1949-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் அறிஞர்கள் கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு, காய் இவ்வாறு நேரே உறிஞ்சுவதைக் காட்டினர்.

ஆகவேதான் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை, விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள், செடியின் அடியில் இட்டு மண் அணைக்கச் சொல்கின்றனர். விழுதுகள் மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கும் பருவம் அதுவே.

ஒரு சங்கத்தில் ஜிப்சம் அறுவடைக்கு இரு வாரங்களுக்கு முன்பு வந்திறங்கக் கண்டோம். பதிவேட்டில் பிழையில்லை, கையொப்பமும் முத்திரையும் சரியாகவே இருந்தன. காய்களோ பெரும்பாலும் பொக்கு. நமது ஆய்வுக் குறிப்பிலும் பயிருக்குத் தேவைப்பட்ட நாளைக் கேட்கும் கட்டம் இல்லை. எனவே குற்றம் நம்முடையதுமாகும்.

நிர்வாகக் குழுவினர் பயிர்க்கடன் வழங்கும்போதே ஒவ்வோர் அங்கத்தினரின் விதைப்பு நாளையும் குறித்துக்கொண்டு, ஜிப்சத்தை முன்னதாகவே தருவித்தல் வேண்டும். அங்கத்தினரும் பொதுப்பேரவையில் இதனைக் கேட்கத் தயங்கலாகாது. உரிய நாளில் உரிய இடம் சேராத எருவை, வழங்கிய எருவென்று இனி நாம் எழுதப்போவதில்லை.