ஓய்வில் கெடும் பேட்டரி

பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பாசனத்தில் சோழவந்தான் வட்டாரமும் அடங்கும். இரண்டாம் போக அறுவடை முடிந்தால், அடுத்துத் தண்ணீர் திறக்கும்வரை டிராக்டருக்கு அதிக வேலையில்லை. தண்ணீர் வந்த அன்று சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது. நாற்று காத்திருக்க, உழவர் வாடகை வண்டி தேடி அலைவார். பழியோ பேட்டரி விற்றவர் மீது! பெரும்பாலும் குறை நம் பராமரிப்பில்தான் என்பது என் கருத்து.

சும்மா கிடக்கும் பேட்டரியும் மின்சாரத்தை இழக்கும். கோடையில் இன்னும் விரைவாக இழக்கும். அப்படியே விட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். பிறகு சார்ஜ் சரிவர ஏறாது. வாரம் ஐந்து நிமிடம் வண்டியை ஓடவிடுவதால் பேட்டரி முழுதாக நிரம்பாது, டீசல்தான் வீண்.

வண்டியை நிறுத்துமுன் பேட்டரிக்கு முழு சார்ஜ் ஏற்றுங்கள். நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். மூடி திறக்கும் பேட்டரியானால், தகடுகள் மூழ்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். கிணற்று நீரும் ஆசிடும் கூடாது. பேட்டரியை நிழலில் வையுங்கள். மாதம் ஒருமுறை வோல்ட் பாருங்கள். முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.4க்குக் கீழே இறங்கினால் மறுபடி சார்ஜ் ஏற்றுங்கள். அப்போது தீப்பற்றும் வாயு வெளிவரும். அருகில் பீடி, நெருப்பு ஆகாது.

வேலையில்லாத நாளிலும் ஏர்மாட்டுக்குத் தீவனம் வைத்தவர்கள் நாம். பேட்டரிக்கும் அந்தக் கவனிப்பு வேண்டும்.