மலிவுத் தொடர்கடையும் ஊர்த் தேநீர்க் கடையும்

பெருநகரங்களில் ஒரே பெயர்ப் பலகையின்கீழ்ப் பல கிளைகளாகப் பெருகியுள்ள மலிவுத் தேநீர் நிலையங்கள் இப்பொழுது சிறு நகரங்களை நோக்கி வரத் தொடங்கியுள்ளன. தென்காசியிலும் குற்றாலத்திலும் தேநீர்க் கடை நடத்துவோரிடமும், அவர்களுக்குப் பால் ஊற்றும் உற்பத்தியாளரிடமும் இது குறித்து ஒரு கலக்கம் தோன்றியிருப்பதை நாம் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் காண்கிறோம். இது கடைக்காரர்களின் பாடு, நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதில் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். தேநீர்க் கடை நமது ஊர்களில் பானம் விற்கும் இடம் மட்டுமாக இருந்ததில்லை. கூலி நாள் வரை பற்று எழுதித் தருவதும், நூல் வந்ததா, பாவு எப்பொழுது கிடைக்கும் என்ற செய்தி முதலில் எட்டுவதும், பத்திரிகை வாங்க இயலாதவர் பத்திரிகை படிப்பதும் அங்கேதான். சங்கப் பொதுப்பேரவையில் வாய் திறவாத அங்கத்தினர், பேரவைக்கு முந்திய நாள் அங்குள்ள பெஞ்சில் அமர்ந்து தம் அபிப்பிராயத்தைத் தாராளமாக வெளியிடுவதை நிர்வாகிகள் நன்கு அறிவர்.

மலிவுத் தொடர்கடை வந்தால் ஊர்க் கடை என்னவாகும் என்பதற்கு இங்கிலாந்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் உள்ளது. அந்நாட்டில் ஊர் கூடும் இடம் 'பப்' என வழங்கும் மதுவகமாகும். நமது பகுதியில் அதற்கு ஒப்பானது தேநீர்க் கடையே. (புளியரை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் சென்றால் கள்ளுக்கடைகள் உண்டு, நமது மாநிலத்தில் 1987 முதல் கள் விற்பனைக்கு இடமில்லை. மதுவின் நன்மை தீமைகளை இங்கு ஆராய்வது நம் நோக்கமன்று.) 1979-ஆம் ஆண்டில் டிம் மார்ட்டின் என்பவர் லண்டனின் வடபகுதியிலுள்ள மஸ்வெல் ஹில்லில் ஒரு மதுவகத்தை ஆரம்பித்தார். ஜே.டி. வெதர்ஸ்பூன் என்னும் பெயரில் அது வளர்ந்து, இன்று ஏறத்தாழ 800 கிளைகளைக் கொண்டுள்ளது. மூடப்பட்ட சினிமாக் கொட்டகைகளையும் வங்கிக் கட்டிடங்களையும் வாங்கிப் புதுப்பித்து, காலைச் சிற்றுண்டி முதல் இரவு உணவு வரை வழங்கி, அண்டைக் கடைகளால் எட்டமுடியாத குறைந்த விலைக்கு விற்பது அதன் முறை. அதே காலத்தில் ஊர் மதுவகங்கள் குறைந்துகொண்டே வந்தன. 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டில் 60,000 இருந்தவை இன்று ஏறக்குறைய 45,000 ஆகிவிட்டன.

இவ்வளவுக்கும் அந்த ஒரு நிறுவனமே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. பேரங்காடிகளில் மது மலிவாகக் கிடைத்தது, 2007-இல் இங்கிலாந்தின் பொதுவிடங்களில் புகைபிடித்தல் தடுக்கப்பட்டது, வரிச்சுமையும் ஏறியது. பேரங்காடியின் உணவுக்கு இல்லாத விற்பனை வரி தம் கடை உணவுக்கு உண்டே என்று டிம் மார்ட்டினே பல்லாண்டுகளாக முறையிட்டு வருகிறார். மலிவு விற்பவருக்கும் தம்மினும் மலிவு விற்பவர் வந்துவிடுகிறார் போலும்!

கூட்டுறவாளர் ஊன்றிக் கவனிக்கவேண்டிய காரணம் வேறொன்று உண்டு. இங்கிலாந்தில் ஊர் மதுவகம் நடத்துவோரில் பலர் வாடகைதாரர். கட்டிடம் மதுவடிப்பு நிறுவனத்துக்கோ வேறு பெரிய கம்பெனிக்கோ சொந்தம். அக்கம்பெனியிடமே, அது சொல்லும் விலைக்கே, சரக்கு வாங்கவேண்டும் என்பது ஒப்பந்தம். சந்தையில் அதே பீப்பாய் குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் வாங்க உரிமையில்லை. 1989-இல் அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்து, 2,000-க்கு மேல் மதுவகங்களை வைத்திருந்த பெரும் மதுவடிப்பு நிறுவனங்கள் மிகுதியில் பாதியை அந்தக் கட்டினின்று விடுவிக்கவேண்டும் என்றது. நடந்தது யாது? அந்நிறுவனங்கள் கடைகளை விற்றன. அவற்றை மொத்தமாக வாங்கிய புதிய கம்பெனிகள் பழைய கட்டையே புதுப் பெயரில் தொடர்ந்தன. வாடகைதாரர் கட்டினின்று விலகி வாடகை மட்டும் செலுத்த உரிமை கோரும் சட்டம் 2016-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் 500 அல்லது அதற்கு மேற்பட்ட கடைகளுள்ள கம்பெனிகளுக்கே பொருந்தும்.

எனவே போட்டி நடந்தது எவர்க்கிடையே என்று பார்க்கவேண்டும். ஒரு பக்கத்தில், நூற்றுக்கணக்கான கிளைகளுக்காகப் பேரம் பேசி வாங்குபவர். மறுபக்கத்தில், பேரம் பேசவே உரிமையற்றவர். இந்நிலை நம் நெசவாளருக்குப் புதியதன்று. முதலாளியிடம் நூல் வாங்கி, அவருக்கே துணி கொடுத்து, முன்பணத்துக்குக் கட்டுண்டு கூலி நெசவு செய்த குடும்பங்கள் கடையநல்லூர், புளியங்குடிப் பக்கங்களில் எத்தனை! கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலேறியவர்களின் வரலாற்றிலும் தறியின் வறுமைக்கு இடமுண்டு. நூலைச் சங்கம் வாங்கித் தரவேண்டும், துணியைச் சங்கம் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதன் அடிப்படையும் இதுவே.

இப்பொழுது நம் தேநீர்க் கடைகளுக்கு வருவோம். தொடர்கடை நிறுவனங்கள் பல, தாமே எல்லாக் கிளைகளையும் நடத்துவதில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் முன்தொகை கட்டி, பெயர்ப் பலகையைப் பெற்று, தேயிலைத்தூள், மசாலை, குவளை யாவற்றையும் அந்நிறுவனத்திடமே வாங்கி நடத்துவது பரவலான முறை. இங்கிலாந்து வாடகைதாரரின் கட்டும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. போட்டிக்கு அஞ்சி நம் கடைக்காரர் இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், சரக்கு விலையை யார், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை நிர்ணயிப்பர், விலகினால் முன்தொகை திரும்புமா என்ற பகுதிகளை இருமுறை படிப்பாராக.

மலிவான தேநீர் கிடைத்தால் நெசவாளருக்கு லாபந்தானே என்ற கேள்வியை ஒதுக்கித் தள்ள நமக்கு மனமில்லை. நாளுக்கு மூன்று முறை தேநீர் அருந்தும் தொழிலாளிக்கு ஒவ்வொரு ரூபாயும் பெரிது. மேலும், நம் கடைகளில் சில, கிளாசைக் கழுவும் முறையில் திருந்தவேண்டியது நிரம்ப இருக்கிறது. தொடர்கடைக்குச் செல்பவரை அதற்காகக் குறைகூற முடியாது. ஆனால் பெயர்ப் பலகைக் கடையில் பற்று எழுத மாட்டார்கள். பாலும் உள்ளூர்ச் சங்கத்தினின்று வாங்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. தேநீர்க் கடையின் பாற்செலவு ஊர் மாட்டுத் தொழுவத்துக்கு வருமானம் என்பதை விவசாயி அங்கத்தினர் மறக்கலாகாது.

ஆகவே கடைக்காரர்கள் வாங்குவதில் ஒன்றுசேர வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். இங்கிலாந்தில் கம்ப்ரியாப் பகுதியின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்னும் சிற்றூரில், ஊரின் ஒரே மதுவகமான 'ஓல்டு கிரவுன்' விற்பனைக்கு வந்தபொழுது, நூற்றுக்கு மேற்பட்டோர் பங்கு சேர்ந்து 2003-இல் அதைக் கூட்டுறவாக வாங்கினர். பின்னர் பல ஊர்கள் அவ்வழியைப் பின்பற்றின. நம் நாட்டில் இதற்கு மூத்த உதாரணம் இருக்கிறது. காப்பி போர்டு தன் காப்பிக் கடைகளை மூடத் தீர்மானித்தபொழுது, வேலையிழந்த தொழிலாளர் ஏ.கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து 1957 முதல் இந்தியன் காபி ஹவுசைத் தாமே நடத்தினர். கேரளத்தில் அது இன்றும் நடைபெறுகிறது.

நமக்கு முழுக் கடையையும் கூட்டுறவாக்கும் அவசரம் இல்லை. கணக்குக்காக ஒரு கடை நாளுக்கு 20 லிட்டர் பால் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டாக வாங்குவதால் லிட்டருக்கு 3 ரூபாய் குறையுமானால் ஆண்டுக்கு 21,900 ரூபாய் மிஞ்சும். பெருங்கடையின் பலம் இத்தகைய சில்லறைகளில்தான் இருக்கிறது. தேயிலைத்தூளுக்கு நீலகிரியின் 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகளைக் கொண்ட இன்ட்கோசர்வ் இணையம் இருக்கிறது. ஆயினும் தூளின் ருசி கடைக்குக் கடை வேறாதலால் அதை முதலில் தொடவேண்டாம் என்போம். பாலும் கருப்பட்டியும் போதும். கருப்பட்டிக் காப்பி என்று பலகை வைத்துச் சர்க்கரை கலந்த கட்டியை ஊற்றுவோர் மிகுந்துவிட்ட இக்காலத்தில், பனைத்தொழிலாளர் சங்கத்தினின்று நேரே வாங்கிய கருப்பட்டி என்று சொல்லக்கூடிய கடைக்குக் குற்றாலத்துக்கு வரும் வெளியூரார் தாமே தேடி வருவர்.

போட்டிக் கடைக்காரர்கள் ஒன்றாக உட்காருவார்களா என்று ஒரு சங்கச் செயலாளர் நம்மிடம் ஐயுற்றார். ஆண்டு முழுவதற்கும் என்றால் தயங்கக்கூடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலத்தில் எல்லாக் கடைகளுக்கும் பால் தட்டுப்படுகிறது. அந்நான்கு மாதங்களுக்கு மட்டும், தென்காசிக் கடைகள் பத்தும் குற்றாலத்துக் கடைகள் பத்தும் சேர்ந்து, ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்துடன் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து பார்க்கலாம். அளவும் விலையும் மே மாதத்திலேயே பேசி முடிக்கப்படவேண்டும். பணம் வாரந்தோறும் செலுத்தப்படவேண்டும், ஏனெனில் பால் ஊற்றுபவர் பற்றில் காத்திருக்க இயலாதவர்.