ஆட்டுக்கு வைக்கோல் போதுமா?

இராமநாதபுரம் கரையோரத்தில் வீட்டுக்கு இரண்டு ஆடு வளர்ப்போர் பலர், மாட்டுக்குப் போடும் வைக்கோலையே அதற்கும் போடுகிறார்கள். ஆடு முகர்ந்து ஒதுக்கினால் "கொழுப்பு" என்று திட்டு வேறு! குற்றம் ஆட்டின் மீதல்ல. அது இலை தேடித் தின்னும் பிராணி. வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3, 4 பங்குதான்; காய்ந்த கடலைக்கொடியில் ஏறக்குறைய 8 முதல் 10 பங்கு உண்டு. உளுந்துக்கொடியும் நல்லதே.

கொடி வாங்குவோர் விலை பேசுமுன் ஒரு கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். இலை உதிர்ந்து வெறும் தண்டாக இருந்தால் பயனில்லை. மக்கிய வாடை வந்தாலோ, பூஞ்சணம் தெரிந்தாலோ இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வேர்மணலை உதறிவிட்டுப் போடுங்கள். கடற்காற்றின் ஈரம் பொல்லாதது. ஐப்பசி மழைக்கு முன்பே, தரையில் படாமல் பரண்மேல் அடுக்கிவிட வேண்டும்.

சீமைக்கருவேல் நெற்று சும்மா கிடைக்கிறதே என்பீர்கள். கொடுக்கலாம், ஆனால் இடித்து, கொடிக்குத் துணையாக மட்டும். முழு நெற்றாகப் போட்டால் விதை புழுக்கையோடு போய் உங்கள் புஞ்சையிலேயே முளைக்கும். பிறகு அதை வேரோடு பிடுங்கக் கூலியும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.