விமானம் ஒன்று, துணை சாப்ட்வேர் எத்தனை?

வீட்டுக் கம்ப்யூட்டரில் பிளைட் சிமுலேட்டர் ஓட்டும் நண்பர்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வருவதுண்டு. இவர்கள் விமானம் ஓட்டுகிறார்களா, அல்லது சாப்ட்வேர் இன்ஸ்டால் செய்கிறார்களா? சிமுலேட்டர் ஒன்று. அதற்கு மேப் காட்ட ஒரு துணை ஆப், பிளைட் பிளான் போட ஒன்று, சார்ட் பார்க்க ஒன்று, பறந்த கணக்கை எழுதி வைக்க ஒன்று, பயணிகள் கை தட்டும் சத்தத்திற்குக் கூட ஒன்று. எல்லாவற்றையும் ஓட விட்டு விமானத்தைக் கிளப்புவதற்குள் இரவுச் சாப்பாட்டு நேரம் வந்துவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்கும் வீட்டு உபயோகிப்பாளருக்கு ஒரு இலவச சாப்ட்வேரும் ஒரு இலவச வெப்சைட்டும் போதும். மற்றவை எல்லாம் தேவை வரும்போது ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியவை.

இதை எழுதக் காரணம் உண்டு. நான் இருப்பது சிங்கப்பெருமாள் கோவிலில். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். அவர்களில் ஒருவரின் மகன் பிளஸ் டூ படிக்கிறான், பைலட் ஆக வேண்டும் என்று ஆசை. அப்பா ஒரு காகிதத்தில் நான்கு சந்தாக்களின் பெயரையும் டாலர், யூரோ விலையையும் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, இதையெல்லாம் வாங்கிக் கொடுத்தா பையனுக்குப் பின்னால உதவுமா?" என்று கேட்டார். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் என்பது எனக்குத் தெரியும். நான் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு உண்மை. வீட்டு சிமுலேட்டரில் நீங்கள் ஆயிரம் மணி நேரம் பறந்தாலும் அதில் ஒரு நிமிடம்கூட டி.ஜி.சி.ஏ. கணக்கில் சேராது. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்குக் கேட்கப்படும் 200 மணி நேரம் வேறு, இது வேறு. ஆனால் அதே டி.ஜி.சி.ஏ. நடத்தும் எழுத்துத் தேர்வுகளில் ஏர் நேவிகேஷன், மெட்டிராலஜி என்று பாடங்கள் இருக்கின்றன. அந்தப் பாடங்களைக் கையால் செய்து பழக வீட்டு சிமுலேட்டர் மிகவும் நல்லது. எனவே எந்த துணை ஆப் கணக்கை உங்களைச் செய்ய வைக்கிறதோ அது நல்லது. எல்லாக் கணக்கையும் தானே செய்துவிட்டு விடையை மட்டும் காட்டும் ஆப், மாணவனுக்கு ஆகாது.

சரி, அந்த ஒரு இலவச சாப்ட்வேர் எது? லிட்டில் நாவ்மேப். அலெக்சாண்டர் பார்தெல் என்பவர் எழுதிய ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர். மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் 2020, 2024, எக்ஸ்-பிளேன், பழைய எப்.எஸ்.எக்ஸ். என்று எல்லாவற்றோடும் வேலை செய்யும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

இதை நான் முதலிடத்தில் வைப்பது விலைக்காக மட்டும் இல்லை. இது உங்கள் சிமுலேட்டரில் இருக்கும் விமான நிலையங்களையும் ஓடுபாதைகளையும் படித்துத் தன் டேட்டாபேஸை உருவாக்கிக்கொள்கிறது. இதன் அருமை போகப் போகத்தான் தெரியும். உலகம் முழுவதும் விமானப் போக்குவரத்துத் தகவல்கள் 28 நாட்களுக்கு ஒரு முறை மாறுகின்றன. இதற்கு ஐராக் சுழற்சி என்று பெயர். நீங்கள் பிளான் போடும் இடத்தில் ஒரு சுழற்சி, சிமுலேட்டருக்குள் வேறு சுழற்சி என்று இருந்தால், பிளானில் உள்ள ஒரு புள்ளியின் பெயர் விமானத்தின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. புதியவர்கள் சாப்ட்வேர் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி இன்ஸ்டால் செய்வது இந்த இடத்தில்தான். சிமுலேட்டரின் தகவலையே படிக்கும் பிளானர் என்றால் இந்தத் தலைவலி பெருமளவு குறைந்துவிடும். 2024 பதிப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் சிமுலேட்டரை ஓட விட்டுக்கொண்டே லைப்ரரியைப் படிக்க வைக்க வேண்டும். முதல் முறை நேரம் பிடிக்கும். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு வசதி. லிட்டில் நாவ்மேப்பில் ஒரு சிறிய வெப் சர்வர் இருக்கிறது. அதை ஆன் செய்தால், அதே வைஃபையில் இருக்கும் பழைய மொபைலிலோ டேப்லெட்டிலோ பிரவுசரைத் திறந்து, கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியோடு 8965 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்தால் மேப் அங்கே வந்துவிடும். ஸ்கிரீன் உடைந்து மேஜை டிராயரில் கிடக்கும் போனுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. இதற்கென்று தனி மொபைல் ஆப் வாங்க வேண்டாம்.

வெப்சைட் எது என்று கேட்கிறீர்களா? இந்திய விமான நிலைய ஆணையம் தன் ஏரோநாட்டிக்கல் தகவல் வெப்சைட்டில் இந்திய நிலையங்களின் விவரங்களையும் சார்ட்டுகளையும் பி.டி.எப். கோப்புகளாக இலவசமாகவே வெளியிடுகிறது. சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் எல்லாம் உண்டு. பைலட்டுகள் பார்க்கும் அதே அதிகாரபூர்வத் தகவல். இதை விட்டுவிட்டு, யாரோ திருட்டுத்தனமாகப் போட்ட சார்ட் தொகுப்பை டெலிகிராமில் தேடி டவுன்லோட் செய்து வைரஸ் வாங்கிக்கொள்பவர்களை என்னவென்று சொல்வது!

இனி பயிற்சி. கூகுள் மேப் போல விமானம் நகர்வதைத் திரையில் பார்த்துக்கொண்டே பறப்பதை நான் ஆரம்பத்தில் அனுமதிக்க மாட்டேன். லிட்டில் நாவ்மேப்பில் பிளானை மட்டும் போடுங்கள். சிமுலேட்டரோடு கனெக்ட் கொடுக்காதீர்கள். செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கு மேலே செஸ்னா 172-ஐ நிறுத்தி, ஜி.எஸ்.டி. சாலையையும் ரயில் பாதையையும் பிடித்துக்கொண்டு வடக்கே வாருங்கள். சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, வண்டலூர், தாம்பரம் என்று வரிசையாக வரும். எங்கள் ஊரில் இருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 17 நாட்டிகல் மைல். பத்து நிமிட வேலை. நிஜத்தில் தாம்பரம் விமானப்படை நிலையத்துக்குப் பக்கத்தில் அனுமதி இல்லாமல் இப்படிப் போக முடியாது, சிமுலேட்டரில் போகலாம். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில் இருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவர்களிடம் ரேடியோ கிடையாது. பம்பாய் - பெல்லாரி - சென்னை பிளானை ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பாருங்கள்.

அடுத்து சென்னை - திருச்சி. சுமார் 160 நாட்டிகல் மைல். செஸ்னாவின் வேகம் 110 நாட் என்றால் காற்று இல்லாதபோது 1 மணி 27 நிமிடம். எதிர்காற்று 15 நாட் என்றால் தரை வேகம் 95. இப்போது 1 மணி 41 நிமிடம். மணிக்கு எட்டரை காலன் என்றால் இந்த 14 நிமிடத்துக்கு இரண்டு காலன் அதிகம். இதை நோட்டில் எழுதிப் போட்டுவிட்டு, பிறகு சாப்ட்வேர் என்ன சொல்கிறது என்று சரிபாருங்கள். பையனிடம் நான் கேட்டது இவ்வளவுதான்.

மலைப் பக்கம் போகிறவர்கள் லிட்டில் நாவ்மேப்பின் கீழ்ப்பகுதியில் வரும் உயர வரைபடத்தைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. கோயம்புத்தூரில் இருந்து மைசூருக்கு நேர்கோடு போட்டு 4,000 அடியில் போனால் நீலகிரியின் கிழக்குப் பகுதியில் போய் மோதுவீர்கள்.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையின் முக்கிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று எண். மெட்டார் எனும் வானிலை அறிக்கையில் காற்று 240 டிகிரி, 12 நாட் என்று இருந்தால் 25-இல் இறங்க வேண்டும். 07-இல் இறங்கினால் காற்று பின்னால் இருந்து தள்ளும். மே, ஜூன் மாதங்களில் காலையில் மேற்குக் காற்று வீசும். பிற்பகலில் கடற்காற்று வந்தால் எல்லாம் திசை மாறும். மாலையில் எங்கள் ஊர் மொட்டை மாடியில் நின்றால், வடக்கே விமானங்கள் வரிசையாக விளக்கோடு கிழக்கு நோக்கி இறங்குவதை வைத்தே 07 நடக்கிறது என்று சொல்லிவிடலாம். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மழையில் நனைந்த ஓடுபாதையில், பின்காற்றோடு, தரை தொட வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கி விபத்துக்குள்ளானது. 21 பேர் இறந்தார்கள். எனவே காற்றைக் காட்டாத, காட்டினாலும் எந்த ஓடுபாதை என்று யோசிக்க விடாத துணை ஆப்பை நான் சிபாரிசு செய்வதில்லை.

பெரிய ஜெட் விமானங்களுக்குப் போகும்போது சிம்பிரீஃப் வேண்டும். இதுவும் இலவசம். 2021-இல் நாவிகிராஃப் நிறுவனம் இதை வாங்கிய பிறகும் இலவசக் கணக்கு தொடர்கிறது. ஐராக் தகவல் மட்டும் பழையதாக இருக்கும். எரிபொருள், எடை, மாற்று விமான நிலையம் என்று ஏர்லைன் நிறுவனம் கொடுப்பது போலவே பல பக்கப் பிளானைத் தந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் பிளைபைவயர் ஏ320 விமானத்தின் டேப்லெட்டிலேயே இதை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் செட்டிங்கில் எடையின் அலகு கிலோவா பவுண்டா என்று முதலில் பாருங்கள். 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று, கிலோவுக்குப் பதில் பவுண்ட் கணக்கில் எரிபொருள் நிரப்பப்பட்டு, 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானதளத்தில் கிளைடர் போல இறங்கியது.

பணம் கொடுத்து நாவிகிராஃப் சந்தா எப்போது? வாரத்தில் மூன்று நான்கு நாள் வெளிநாட்டு நிலையங்களுக்கு ஜெட் ஓட்டுகிறீர்கள், அல்லது வாட்சிம் போன்ற ஆன்லைன் நெட்வொர்க்கில் தன்னார்வக் கண்ட்ரோலர்களின் கட்டளைப்படி பறக்கிறீர்கள் என்றால் வாங்கலாம். எல்லா ஊர் சார்ட்டும் ஒரே மாதிரி அமைப்பில் கிடைப்பது அப்போது உண்மையிலேயே உதவும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் செஸ்னா ஓட்டுபவருக்கு வீண் செலவு. பறந்த கணக்கை வைத்துக்கொள்ள வொலாண்டா போன்றவற்றின் இலவசப் பதிப்பே தாராளம். நாற்பது பக்க நோட்டும் போதும்.

வாங்குவதானால் விலையோடு கார்டு நிறுவனம் போடும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். மாதாமாதம் தானாகப் பிடிக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கியில் இருந்து தகவல் வர வேண்டும். வெளிநாட்டுச் சந்தா ஒரு மாதம் திடீரென்று நின்றுபோனால் முதலில் வங்கியின் ஆப்பில் அந்த அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடச் சந்தாவை விட ஒரு மாதத்துக்கு வாங்கி, அந்த மாதத்தில் எத்தனை முறை திறந்தீர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு நீட்டிப்பதே நல்லது.