காமிரா வாங்கப் போகிறீர்களா?

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் பத்து நாட்களாக ஒரு வழக்கு நடக்கிறதாம். வாதி, பிரதிவாதி, சாட்சி எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தான்!

சீட்டு எடுத்த பணம் 15,000 ரூபாய் கையில் இருக்கிறது. அதில் ஒரு டிஜிட்டல் காமிரா வாங்க வேண்டும் என்பது சகோதரியின் கட்சி. ஏழு வயதுப் பெண் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடப் போகிறாள். சித்திரையில் இரண்டாவது குழந்தை பிறக்க இருக்கிறது. "கையில் இருக்கிற செல்போன் போதாதா?" என்பது கணவரின் கட்சி. "என் பீரோவில் பிலிம் காமிரா இருக்கிறது. அதற்கு ஈடாக இன்னொன்று இனிமேல்தான் பிறக்க வேண்டும்" என்பது மாமனாரின் கட்சி. "யார் பக்கம் நியாயம்? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்ல யாருக்குத்தான் தைரியம் வரும்? ஆனாலும் இது ஒரு வீட்டு வழக்கு அல்ல. உங்கள் வீட்டிலும் இதே பேச்சு ஒரு நாள் எழுந்திருக்கும். ஆகவே மூன்று கட்சிகளையும் முறைப்படி விசாரித்து விடுவோம்.

வயதுக்கு மரியாதை கொடுத்து முதலில் மாமனாரைக் கூப்பிடுவோம். அவர் வாதத்தில் சாரம் இருக்கிறது. சாதாரண 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படம் 24 மில்லிமீட்டர் உயரம், 36 மில்லிமீட்டர் அகலம். ஒரு தபால் தலை அளவு. மலிவான சிறிய டிஜிட்டல் காமிராவில் பிலிமின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் சென்ஸாரோ ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்கு 4½ மில்லிமீட்டர்தான். ஒரு துவரம் பருப்பு அளவு! பரப்பைக் கணக்குப் பார்த்தால் பிலிம் முப்பது மடங்கு பெரியது. வெள்ளை வேஷ்டியும் கறுப்புக் கோட்டுமாக ஒருவர் வெயிலில் நின்றால், வேஷ்டியின் மடிப்புக்கூடத் தெரியும்படி எடுக்க நல்ல பிலிமுக்குத் தெரியும். பிறகு நெகடிவ் என்ற சொத்து ஒன்று இருக்கிறதே! ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நெகடிவாக இருந்தாலும், பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால் இன்றைக்கும் அதிலிருந்து படம் போடலாம். அதைப் படிக்க மின்சாரம் வேண்டாம், ரகசிய எண் வேண்டாம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே போதும்.

ஆனால் செலவைக் கேட்டால் பெரியவர் சற்றுத் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். நம் உதகமண்டலத்திலேயே ஒரு பிலிம் தொழிற்சாலை இருந்தது. 1960-ல் மத்திய அரசாங்கம் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அது. 1967-ல் உற்பத்தி ஆரம்பித்து 'இந்து' என்ற பெயரில் சுருள்கள் கடைக்கு வந்தன. அது மூடப்பட்டுவிட்டது. இப்போது வருவதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. ஒரு வர்ணச் சுருள் 800 ரூபாய், கழுவி ஸ்கான் செய்ய 400 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 36 படத்துக்கு 1,200 ரூபாய். பட்டனை ஒரு முறை அழுத்தினால் 33 ரூபாய் போயிற்று! கைக்குழந்தை என்ன, சொன்ன நேரத்துக்குச் சிரிக்குமா? ஒரு நல்ல சிரிப்புக்குப் பத்து முறை அழுத்த வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, கூடத்து டியூப்லைட் வெளிச்சத்துக்கு ஒரு பிலிம், வாசல் வெயிலுக்கு ஒரு பிலிம் என்று மாற்றவும் முடியாது. போட்ட சுருள் முடிகிற வரை அதுதான்.

இனி கணவர். அவர் கட்சியையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. இன்றைய நல்ல செல்போன் கண் இமைக்கிற நேரத்தில் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாகச் சேர்த்து, இருட்டிலும் தெளிவாகக் காட்டிவிடுகிறது. இதனால் சிறிய காமிரா வியாபாரமே படுத்துவிட்டது. ஜப்பானியக் காமிராத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010-ல் 12 கோடி டிஜிட்டல் காமிராக்கள் தொழிற்சாலையை விட்டு வெளியே போயின. 2023-ல் 80 லட்சம்கூட இல்லை. எனவே நல்ல செல்போன் வைத்திருப்பவர்கள், துவரம் பருப்புச் சென்ஸார் உள்ள காமிராவை வாங்கி இரவு நேரத்தில் அதிசயம் நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியானால் செல்போனிடம் என்ன குறை? தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரச் சாதாரண செல்போனுக்குச் சாமர்த்தியம் போதாது. அதில் இரண்டு விரலால் பெரிதாக்குவது பெரும்பாலும் படத்தின் நடுப்பாகத்தை வெட்டி ஊதிக் காட்டுகிற வேலைதான். கடைசி வரிசை நாற்காலியிலிருந்து எடுத்தால், மேடையில் ஆடுவது உங்கள் பெண்ணா, பக்கத்து வீட்டுப் பெண்ணா என்று சண்டையே வந்துவிடும். குழந்தை முதல் அடி எடுத்து வைக்கிற சமயத்தில்தான் யாராவது கடன் வேண்டுமா என்று கேட்டு அழைப்பார்கள். அது இன்னொரு தொல்லை.

ஆகவே காமிராதான் என்று முடிவு செய்துவிட்டால் கடைக்குப் போவோம், வாருங்கள். மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்பது போல, எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை மெகாபிக்ஸல்?" என்றுதான். ஒரு மெகாபிக்ஸல் என்பது பத்து லட்சம் புள்ளி. 1975-ல் கோடாக் கம்பெனியின் எஞ்சினீயர் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் காமிராவில் பத்தாயிரம் புள்ளிதான் இருந்தது. மூன்றரைக் கிலோவுக்கு மேல் கனம். ஒரு படத்தை காஸெட் நாடாவில் பதிக்க 23 விநாடி! இன்று ஆல்பத்தில் ஒட்டுகிற 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 22 லட்சம் புள்ளி போதும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற 8-க்கு 10 அங்குலப் படத்துக்கு 72 லட்சம். அதாவது 8 மெகாபிக்ஸல் இருந்தால் கூடத்துச் சுவர் வரை கவலையில்லை. 48, 64 என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டு 4,000 ரூபாய்க்கு விற்கிறார்களே, அவற்றில் பல, இல்லாத புள்ளிகளைக் கணக்குப் போட்டு நிரப்புகிற விளையாட்டுச் சாமான்கள். சம்பளத்தை உயர்த்திச் சொல்கிற மாப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. சென்ஸார் எத்தனை பெரியது? ஜூம் லென்ஸ் நகர்ந்து செய்கிறதா, வெட்டி ஊதுகிறதா? லென்ஸ் நகர்ந்து செய்வது ஆப்டிகல் ஜூம். அது ஒன்றுதான் ஜூம்.

15,000 ரூபாய்க்குள் இரண்டும் சிறந்ததாகக் கிடைப்பது அபூர்வம். பழைய சரக்கில் தேடினால், நிகான் டி3100, கானன் 1100டி போன்ற, 2010, 2011-ம் வருஷங்களில் வந்த லென்ஸ் மாற்றுகிற காமிராக்கள் இந்தத் தொகைக்குள் அகப்படலாம். இவற்றின் சென்ஸார் பிலிமில் பாதிக்குச் சற்றுக் குறைவு. துவரம் பருப்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெரியது. வீட்டு வெளிச்சத்துக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் கூடவே வருகிற லென்ஸ் தூரத்து மேடையை எட்டாது. மேடையை எட்டுகிற நீண்ட ஜூம் காமிராக்களில் சென்ஸார் துவரம் பருப்புதான். திருச்சிச் சகோதரி விஷயத்தில் என் ஓட்டு பெரிய சென்ஸாருக்கே. ஆண்டு விழா வருஷத்துக்கு ஒரு நாள். அன்று சீக்கிரம் போய் முன் வரிசையில் இடம் பிடித்துவிடலாம். குழந்தையோ வருஷம் முழுவதும் வீட்டுக்குள்தான் வளரப் போகிறது.

பழைய காமிரா வாங்கும்போது சில சோதனைகள் அவசியம். லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சணம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள்; ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளிகள் வந்தால் சென்ஸாரில் தூசியோ கீறலோ இருக்கிறது. பாட்டரி எத்தனை நேரம் நிற்கிறது, சார்ஜர் கூட வருகிறதா, எந்த வகைக் கார்டு போட வேண்டும் என்று கேளுங்கள். எஸ்.டி. கார்டு எங்கும் கிடைக்கும், எக்ஸ்.டி. என்ற பழைய கார்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும். சென்னையில் ரிச்சி தெருவானாலும், உங்கள் ஊர்க் கடைவீதியானாலும், பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் கெட்டால் மாற்றித் தருவதாக அந்தப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்து மூடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்கு லென்ஸ் என்றால் கொள்ளை ஆசை.

காமிரா வந்தாகிவிட்டது. ஆனால் இந்த வழக்கில் யாரும் எழுப்பாத கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. எடுத்த படம் எங்கே போகும்?

மாமனார் காலத்தில் 36 படம் எடுத்தால் 36-ம் காகிதத்தில் வந்தன. சுமாரான படம்கூட ஆல்பத்தில் ஏறியது. இன்று ஒரு கல்யாணத்தில் 2,000 படம் எடுக்கிறோம். ஒன்றுகூடக் கைக்கு வருவதில்லை. செல்போன் தண்ணீரில் விழுந்தாலும், கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் கண்ணை மூடினாலும், குழந்தையின் முதல் மூன்று வருஷம் அதோடு போய்விடும். போன பிறகு எத்தனை அழுதாலும் அந்தப் பொக்கை வாய் திரும்பி வருமா?

ஆகவே 15,000 ரூபாயில் 13,000 ரூபாய்க்கு மட்டும் காமிரா பாருங்கள். மிச்சம் 2,000 ரூபாயைத் தனியாக முடிந்து வையுங்கள். மாதம் பத்துப் படம் பொறுக்கி எடுத்தால் வருஷத்துக்கு 120 படம். ஒன்றுக்கு 15 ரூபாய் வீதம் 1,800 ரூபாய். மிச்சம் 200 ஆல்பத்துக்கு. பசை தடவிய பக்கத்தில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாளால் மூடுகிற ஆல்பம் வேண்டாம். நாளடைவில் அந்தப் பசையே படத்தைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் தேதி, ஊர், நிற்பவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஃபைல்களுக்கும் மூன்று பிரதி வேண்டும்: கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, அக்கா வீட்டிலோ தங்கை வீட்டிலோ ஒன்று.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பழைய ஆல்பங்களில் அநேகமாக அப்பா இருக்க மாட்டார். காமிராவுக்குப் பின்னால் நின்றவர் அவர். இன்று வீட்டில் படம் எடுப்பது பெரும்பாலும் அம்மா. அதனால் அம்மா படத்தில் இல்லை. காமிராவில் பத்து விநாடித் தவணைப் பட்டன் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு ஓடிவந்து குழந்தையின் பக்கத்தில் நில்லுங்கள். தலை கலைந்திருந்தால் என்ன? பின்னால் அந்தப் பெண் தேடப்போவது உங்கள் முகத்தைத்தான்.

இனி தீர்ப்பு. சகோதரி காமிரா வாங்கிக்கொள்ளலாம். கணவர் செல்போனை அன்றாடக் காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மாமனாரின் பீரோவில் உள்ள நெகடிவ்களை இந்த மாதமே எடுத்துச் சுத்தம் செய்து ஸ்கான் செய்துவிட வேண்டும். யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர்கள் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வருஷத்துக்கு ஒரு சுருள் அவர் எடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. அதில் முதல் படம் சித்திரையில் வரப்போகிற பேரக் குழந்தையாக இருக்கட்டும்!