ரகரத்தின் கால் தேயலாமா?

எழுத்துக்கு அழகு யாது? மயக்கமின்றிப் படிக்கப்படுதலே என்பேன். ஓலைச்சுவடிகளில் புள்ளியில்லை, ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் நின்றன. பதிப்பாசிரியர் பட்ட பாடு நாமறிந்ததே. எகர ஏகார மயக்கத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தீர்த்தார். நம் கொங்கு மண்ணின் ஈரோட்டுப் பெரியார் 1935இல் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களுள் 13 எழுத்துகளைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. அச்சுக்கோப்போர் சுமை குறைந்தது.

இன்று கணினிக்கு எழுத்துரு வடிப்போர் கையில் அப்பொறுப்பு வந்துள்ளது. மெருகேற்றும் ஆர்வத்தில் ரகரத்தின் அடிச்சாய்வைத் தேய்த்துவிட்டால், கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்த ‘பரல்’, மாணவன் கண்ணுக்குப் ‘பால்’ ஆகிவிடுமன்றோ! எழுத்துருக் கலைஞர்களே, வளைவுகளைச் செதுக்குங்கள். வேறுபாட்டைச் செதுக்கி எறிந்துவிடாதீர்கள்.