சொன்னோம், கேட்கவில்லை

ஈஸ்டர் தாக்குதல் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது: "முஸ்லிம்கள் ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை?" தன்னாமுனையில் எங்களோடு நல்லாகப் பழகும் உறவுகளும் கேட்கிறார்கள். பதில் சொல்வது எங்கள் கடமை.

சொன்னோம். சஹ்ரானைப் பற்றி காத்தான்குடி மக்கள் பல தடவை முறையிட்டார்கள். 2017 மார்ச் 10ஆம் திகதி அலியார் சந்தியில் அவனது ஆட்கள் தாக்கியதும் முஸ்லிம்களைத்தான். பிடியாணை பிறந்தது, ஆள் பிடிபடவில்லை. முஸ்லிம்களின் மார்க்கச் சண்டை என்று அதை ஒதுக்கிவிட்டார்கள்.

2018 நவம்பர் 30ஆம் திகதி வவுணதீவில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். படுவான்கரை என்றதும் சந்தேகம் முன்னாள் போராளி ஒருவர் மீது விழுந்தது. செய்யாத குற்றத்துக்கு அவர் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தார். செய்தது சஹ்ரானின் ஆட்கள் என்பது ஏப்ரல் 21க்குப் பிறகுதான் வெளியே வந்தது. தமிழன் என்றால் புலி, முஸ்லிமின் முறைப்பாடு என்றால் மார்க்கச் சண்டை. இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர்களுக்கு உண்மையான கொலைகாரன் எப்படித் தெரிவான்?

மேலிடத்தின் கதை இன்னும் மோசம். 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து தகவல் வந்துவிட்டது. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையிலான பகையில், பிரதமர் பாதுகாப்புச் சபைக்கே அழைக்கப்படவில்லை. கடிதங்கள் மேசைக்கு மேசை நகர்ந்தன. சீயோன் தேவாலயத்துக்கு ஒரு சொல்கூட வரவில்லை. அங்கே பறிபோன பிள்ளைகள் இன்று எங்கள் வகுப்பறைகளில் இருந்திருக்க வேண்டியவர்கள். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுத் தலைவரும் அந்தத் தீர்ப்பில் தப்பவில்லை.

தாக்குதலுக்குப் பிறகு என்ன நடந்தது? ஹசலகவில் கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு அணிந்த ஒரு முஸ்லிம் பெண், அது தர்மசக்கரம் என்று சொல்லிக் கைது செய்யப்பட்டார். இதைப் பார்த்த ஒரு சாதாரண மனிதர், நாளை சந்தேகமான ஒன்றைக் கண்டால் பொலிஸ் நிலையப் படி ஏறுவாரா? தகவல் சொல்லப் போனவரையே சந்தேக நபராக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கும்வரை வாய்கள் மூடியே இருக்கும்.

உறவுகளே, புலனாய்வு கொழும்பில் தொடங்குவதில்லை. வாவிக் கரையில் ஒருவர் பயமில்லாமல் பேசுவதில்தான் தொடங்குகிறது. ஆகவே முறைப்பாட்டைத் தமிழில் பதிந்து பிரதி தரச் சொல்லிக் கேட்போம். பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்கள் ஒன்றாகப் போய்க் கேட்கட்டும். தனித்தனியாகப் போனபோது என்ன நடந்தது என்பதை மூன்று சமூகமும் பார்த்துவிட்டோம்.